சிஓஎஃப் தூள் படிகமாகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

குழாயைத் திறந்தால் மஞ்சள் தூள் இருக்கிறது. எடையும் எதிர்பார்த்த அளவுக்கு வந்திருக்கிறது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே சிதறலால் படிக ஒழுங்கைக் காட்டும் அளவீடு) மட்டும் ஒன்றுமே இல்லை, கூர்மையான சிகரங்களுக்குப் பதில் சோம்பலான ஒரு மேடு. நுண்துளைகள் கொண்ட படிக வலையான சகப்பிணைப்புக் கரிமச் சட்டகம், சுருக்கமாக சிஓஎஃப், வளர்க்கிற யாருக்கும் இப்படி ஒரு நாள் வராமல் போகாது. எனக்கு அது பல முறை வந்திருக்கிறது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் முதல் மாதத்திலேயே இந்தத் தூளோடு வந்து நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முறை எளிது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்குள் காரணங்கள் செலவில்லாததிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசையாக இருக்கும். மேலே இருப்பதைச் சரிபார்க்காமல் கீழே இருப்பதற்குத் தாவாதீர்கள்.

உதாரணம் வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே சட்டகத்தை எடுத்துக்கொள்கிறேன்: மூன்று அமீன் கைகள் கொண்ட 1,3,5-ட்ரிஸ்(4-அமினோஃபீனைல்)பென்சீனும் (இனி டிஏபிபி) டெரிஃப்தால்டிஹைடும் சேர்ந்து உண்டாகும் அறுகோண இமின் சட்டகம் (அமீனும் ஆல்டிஹைடும் சேரும்போது வரும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்புதான் இமின்). பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். இது சட்டென்று கோபித்துக்கொள்ளும் பொருளும்கூட, அதனால் கற்றுக்கொள்ள நல்லது.

எதையும் மாற்றுவதற்கு முன்: ஈரத்தோடு ஒரு எக்ஸ்ஆர்டி

தூளில் படிகம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: வளரவே இல்லையா, வளர்ந்து செத்ததா? முதலாவது குழாய்க்குள் நடக்கிற கோளாறு. இரண்டாவது, கழுவும்போதும் உலர்த்தும்போதும் நடப்பது. உலர்ந்த தூளை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் குற்றமே செய்யாத கரைப்பானையும் வெப்பநிலையையும் மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்போம்.

அதனால் குழாயைத் திறந்ததும், வடிகட்டுவதற்கு முன்பே, ஒரு சிட்டிகைத் தூளை அதன் தாய்க்கரைசலோடு தனியாக எடுத்து வையுங்கள். மெல்லிய கண்ணாடிக் கேப்பிலரியில் அடைத்து முனையை மூடி அளக்கலாம். கேப்பிலரி வசதி இல்லையென்றால் சிலிக்கான் தட்டில் பரப்பி, காய்ந்துவிடாமல் மேலே பாலிமர் படலம் போர்த்தி அளக்கலாம். படலம் காப்டன் என்றால் கவனம்: காப்டனுக்கே 5.7 டிகிரியை ஒட்டி ஒரு அகன்ற மேடு உண்டு. நம் சட்டகத்தில் 200 என்று குறிக்கப்படும் சிகரம் விழுவது 5.6-இல். அந்த மேட்டை 200 என்று நம்பி நான் இரண்டு வாரம் ஓடியிருக்கிறேன். வெறும் படலத்தை மட்டும் வைத்து அளந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. வெற்றுப் படலத்தின் அளவீடு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஈரத்தில் சிகரம் இருந்து, உலர்ந்ததும் போய்விட்டால் நேராக உலர்த்தல் பற்றிய தலைப்புக்குப் போங்கள். ஈரத்திலும் இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: மூன்று நாளாகியும் கரைசல் தெளிவாகவே இருக்கிறது

இது அபூர்வம், காரணமும் பெரும்பாலும் சின்னது. வினையூக்கியான அசிட்டிக் அமிலத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது தண்ணீர் அளவுக்கு மிஞ்சியிருக்கும். இமின் பிணைப்பு உண்டாகும்போது தண்ணீர் வெளிவருகிறது. வெளியிலிருந்தும் நிறையக் கொடுத்தால் வினை பின்னோக்கி நடக்கும். அடுத்து அடுப்பு உண்மையிலேயே சொன்ன வெப்பநிலையில் இருந்ததா என்று தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். செறிவு மிகக் குறைவாக இருந்தாலும் குட்டித் துண்டுகள் கரைந்தபடியே நின்றுவிடும். கரைப்பானைப் பாதியாகக் குறைத்து ஒரு குழாய் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அறிகுறி: தூள் இருக்கிறது, ஈரத்திலும் சிகரம் இல்லை

மோசமான நாட்களில் பாதி இங்கேதான் கழியும்.

*முதலில் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள்*

நம் சட்டகத்தின் முதல் சிகரம், இரண்டு தீட்டா என்ற சிதறல் கோணத்தில், 2.8 டிகிரியில் வரும் (தாமிரக் கதிர்). 5 டிகிரியிலிருந்து அளவீட்டைத் தொடங்கினால் அது வந்ததே தெரியாது. வேறு இரு சட்டகங்களான சிஓஎஃப்-5-க்கு அது 3.4-ஐ ஒட்டியும், டிபிபிஏ-1-க்கு 4.7-ஐ ஒட்டியும் வரும். 1.5 அல்லது 2 டிகிரியிலிருந்து தொடங்குங்கள். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் கதிரின் தடம் மாதிரியைத் தாண்டி வெளியே வழியும், நேர்க்கற்றையும் காற்றுச் சிதறலும் சேர்ந்து பின்னணியை மலையாக்கிவிடும். குறுகிய பிளவு, பின்னணி தராத சிலிக்கான் தட்டு, கத்திமுனைத் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தட்டில் தூளின் மேற்பரப்பு விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சிகரம் நகரும்.

ஒரே ஒரு சிகரத்தைப் பார்த்துத் திருப்தி அடையவும் வேண்டாம். அறுகோண வலை என்றால் முதல் சிகரத்தின் இடத்தை 1.73, 2, 2.65 ஆகியவற்றால் பெருக்கிய இடங்களில் அடுத்தவை இருக்க வேண்டும். 2.8-க்கு அவை 4.85, 5.6, 7.4. இவை இருந்தால் வலை நிஜம்.

*அடுத்து எடை*

0.08 மில்லிமோல் டிஏபிபி என்றால் 28.1 மில்லிகிராம். அதற்கு ஈடாக டெரிஃப்தால்டிஹைடு 0.12 மில்லிமோல், அதாவது 16.1 மில்லிகிராம். இதில் ஒரு மில்லிகிராம் தவறினால் ஆறு சதவீதப் பிசகு. எடைத்தாளில் நிலைமின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற தூளே ஒரு மில்லிகிராம் இருக்கும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கத்துக் கைகள் இணை கிடைக்காமல் தொங்கும். ஒவ்வொரு தொங்கலும் ஒரு குறை.

சரி, என்ன செய்வது? பத்து மடங்கு எடுத்து, தனித்தனிக் கரைசலாக்கி, கன அளவால் பிரித்துக் கொடுங்கள். பாட்டிலில் தூய்மை 97 சதவீதம் என்று போட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. நான் பார்த்தவரை இது ஒன்றே நிறையப் பேருடைய தூளைத் திருத்தியிருக்கிறது.

*மோனோமரின் வயது*

சட்டகத்தைக் கட்டும் மூலத் துண்டுகள்தான் மோனோமர்கள். அவற்றில் டெரிஃப்தால்டிஹைடு வெள்ளையாக இருக்க வேண்டும். நாள்பட நாள்பட அதில் ஒரு பங்கு அமிலமாகியிருக்கும், அந்த முனை இமினாகாது. டிஏபிபி வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிட்டது. பாரா-ஃபீனைலீன்டையமீன் இன்னும் மோசம்: காற்று பட்டால் பழுப்பு, ஊதா, கறுப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். அதை வெற்றிடத்தில் பதங்கமாக்கி, நைட்ரஜனுக்கு அடியில், இருட்டில் வையுங்கள். ஆல்டிஹைடையும் பதங்கமாக்கலாம் அல்லது மறுபடிகமாக்கலாம். பழைய பாட்டிலையும் சுத்திகரித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொரு குழாய் போட்டுப் பாருங்கள், பதில் மூன்று நாளில் கிடைக்கும்.

*அமிலமும் தண்ணீரும்*

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிஏபிபியும் ஆல்டிஹைடும் தெளிவாகக் கரைந்திருக்கிற குழாயில் அசிட்டிக் அமிலத்தைச் சொட்டிப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் முதலில் ஒரு மஞ்சள் நூல் இறங்கும். நூல் மேகமாகும். நீங்கள் பைப்பெட்டைக் கீழே வைப்பதற்குள் குழாய் முழுவதும் தயிர் மாதிரி இறுகிவிடும், சாய்த்தால் நகராது. அந்தத் தயிரில் படிகம் கிடையாது, சரியாகவும் தவறாகவும் கண்டபடி பிணைந்த வலைதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்த வகை இமின் சட்டகத்தில் அப்படித்தான் தொடங்கும். தவறான பிணைப்புகள் அவிழ்ந்து மறுபடி சேரச் சேரத்தான் ஒழுங்கு வரும்.

அவிழ்வதற்குத் தேவை மூன்று: தண்ணீர், அமிலம், நேரம். எத்தனையோ பேர் ஆர்வத்தில் அடர் அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, கரைப்பானையும் நன்றாக உலர்த்தி வைத்துவிட்டு, ஏன் படிகமாகவில்லை என்று கேட்பார்கள். தண்ணீரே இல்லாமல் எது அவிழும்? பரவலாகப் புழங்கும் செய்முறையில் ஒரு மில்லிலிட்டர் கரைப்பானுக்கு 0.1 மில்லிலிட்டர் 6 மோலார் அசிட்டிக் அமிலக் கரைசல், 120 டிகிரி செல்சியஸ், மூன்று நாள். 6 மோலார் என்பது நீர்க்கரைசல். அதில் இருக்கிற தண்ணீரும் செய்முறையின் ஒரு பகுதிதான்.

சோதனை: 3, 6, 9 மோலார் என்று மூன்று குழாய் போடுங்கள். கூடவே ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற படிகமற்ற தூளையும் எறிய வேண்டாம். புதுக் கரைப்பான், புது அமிலக் கரைசலோடு குழாயில் திரும்பப் போட்டு மூன்று நாள் சூடாக்கினால் சில சமயம் எழுந்து உட்காரும்.

இது பீட்டா-கீட்டோஈனமைன் என்ற இன்னொரு பிணைப்பு வகைக்குப் பொருந்தாது. ட்ரைஃபார்மைல்ஃப்ளோரோகுளுசினோல் சேர்ந்த டிபிபிஏ-1 போன்றவற்றில் பிணைப்பு உண்டானதும் வடிவம் மாறிப் பூட்டிக்கொள்ளும், திரும்ப வராது. அமிலத்தைத் தாங்கும் வலிமை அந்தப் பூட்டால் வருவது. ஆனால் தவறும் சேர்ந்தே பூட்டப்படும். அங்கே முதல் நிமிடங்களில்தான் எல்லாம் தீர்மானமாகிறது, அதனால் அமீனை ஒரே அடியாகக் கொடுக்கக் கூடாது. பாரா-டொலுயீன்சல்ஃபோனிக் அமிலத்தோடு உப்பாக்கிக் கொடுத்தால் அமீன் மெதுவாகத்தான் அவிழ்ந்து வரும். 2017-இல் வெளியான இந்த வழி இன்றும் நல்ல பலன் தருகிறது.

*கரைப்பான் கலவை*

இங்கே ஊகம் செல்லாது, போட்டுப் பார்க்க வேண்டியதுதான். மெசிட்டிலீன்–டயாக்சேன் ஒரு குடும்பம், ஆர்த்தோ-டைகுளோரோபென்சீன்–பியூட்டனால் இன்னொரு குடும்பம். ஒவ்வொன்றிலும் 9:1, 3:1, 1:1, 1:3, 1:9 என்று ஐந்து குழாய், ஆக மொத்தம் பத்து. ஒரு சுற்றிலேயே திசை தெரிந்துவிடும். மோனோமர் முழுவதும் கரைந்த பிறகே அமிலம் சேர்க்க வேண்டும். கரையாத துகள் மிதக்கும்போது அமிலம் விழுந்தால் துகளின் மேல் ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மோனோமர் அப்படியே சிறையாகிவிடும்.

*எப்போது நிறுத்துவது*

எடை, மோனோமர், அமிலம், கரைப்பான் நான்கையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் சிகரம் இல்லை என்றால் மேலும் குழாய்களைப் போட்டு வீணாக்காதீர்கள். திட நிலை கார்பன் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுத்துத் தருகிறவரிடம் போங்கள். இமின் கார்பன் 155 முதல் 160 பிபிஎம் வரையிலும், வினைபுரியாத ஆல்டிஹைடு 190-ஐ ஒட்டியும் வரும். பிணைப்பே உண்டாகவில்லையா, பிணைப்பு வந்தும் ஒழுங்கு வரவில்லையா என்பதை அது பிரித்துச் சொல்லும்.

அறிகுறி: சிகரம் வந்தது, ஆனால் அகலமாக இருக்கிறது

முதலில் கருவியின் சொந்த அகலத்தைக் கழியுங்கள். தாழ்ந்த கோணத்தில் நல்ல சிகரம் தருகிற வெள்ளி பெஹினேட் போன்ற ஒன்றை அதே அமைப்பில் அளந்தால் அது தெரியும். கழித்த பிறகும் 2.8 டிகிரிச் சிகரம் பாதி உயரத்தில் அரை டிகிரி அகலம் இருந்தால், ஒழுங்கு நீள்வது 16 நானோமீட்டர் அளவுக்குத்தான். அதாவது நாலைந்து துளைகளோடு முடிந்துவிடுகிற குட்டிக் குட்டிப் படிகங்கள். அவற்றின் ஓரங்கள் எல்லாம் குறைகள்தாம்.

காரணம் ஒன்றே: ஒரே நேரத்தில் எக்கச்சக்கமாகப் படிகக் கரு பிறக்கிறது, எதற்கும் வளரச் சாப்பாடு போதவில்லை. பிறப்பைக் குறைத்தால் வளர்ச்சி கூடும்.

செலவில்லாத வழி செறிவைக் குறைப்பது. அடுத்தது அமிலத்தைக் குளிரவைத்து, பல தவணைகளாகச் சேர்ப்பது. அமிலம் சேர்த்த பிறகு அல்ட்ராசோனிக் தொட்டியில் குலுக்கக் கூடாது.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் ஒற்றைக் கை மோனோமர், நாங்கள் மாடுலேட்டர் என்போம். இமின் சட்டகத்துக்கு அனிலின். அனிலின் ஆல்டிஹைடோடு முந்திக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும், உண்மையான அமீன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டு இடம் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தில்தான் படிகம் பெரிதாகிறது. 2018-இல் சிஓஎஃப்-300 முதலான முப்பரிமாண இமின் சட்டகங்களைத் தனிப்படிகமாக வளர்த்து, ஒற்றைப் படிக எக்ஸ்ரே முறையிலேயே கட்டமைப்பைத் தீர்த்துக் காட்டியது இந்த அனிலின் உத்தியால்தான். அதற்கு அறை வெப்பநிலையில் வாரக்கணக்கான பொறுமை வேண்டியிருந்தது. நீங்கள் அமீன் தொகுதிக்குச் சமமான அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சிகரம் குறுகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் விளைச்சல் சரியும், அதற்கு முந்தைய அளவு போதும். அனிலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகிற நஞ்சு, கையுறையும் புகை உறிஞ்சும் ஹூட்டும் கட்டாயம்.

மாடுலேட்டரையே முதல் மருந்தாக எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: எடைப்பிசகை அதால் மறைக்காதீர்கள். மிஞ்சுகிற அனிலின் ஓரங்களில் தங்கி அதுவே புதுக் குறையாகும். கொஞ்சம் தூளை அமிலம் கலந்த டியூட்டீரிய டிஎம்எஸ்ஓவில் கரைத்து, சாதாரண புரோட்டான் என்எம்ஆர் எடுத்தால் எவ்வளவு அனிலின் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

போரான்–ஆக்சிஜன் பிணைப்பால் கட்டிய போரோனேட் எஸ்டர் வகைக்கு வேறு வழி. அசிட்டோநைட்ரைல் கலந்த கரைப்பானில் துகள்கள் படியாமல் கூழ்மமாகவே நிற்கும். அந்தக் கூழ்மத்தை விதையாக வைத்து, மோனோமரைச் சிரிஞ்ச் பம்பால் மெல்ல மெல்ல ஊட்டினால் புதுக் கரு பிறக்காமல் விதையே மைக்ரான் அளவுக்கு வளரும். இதுவும் 2018-இல் வந்ததுதான். வேகத்தைக் கூட்டினால் மறுபடி குட்டிக் கருக்கள் கிளம்பிவிடும்.

முதல் சிகரம் கூர்மையாக இருந்து, 25 முதல் 27 டிகிரிக்குள் வரும் அடுக்குச் சிகரம் மட்டும் அகலமாக இருந்தால் அது வேறு குறை. தளம் நன்றாக இருக்கிறது, தளத்தின் மேல் தளம் சீராக உட்காரவில்லை. இதை ஆய்வக எக்ஸ்ஆர்டியால் முழுதாகத் தீர்க்க முடியாது. உயர்தெளிவு மின்னணு நுண்ணோக்கி, சின்க்ரோட்ரான் தரவு இரண்டும் தெரிந்தவரின் கை தேவை. மின்னணுக் கற்றையில் இந்தப் பொருள் சீக்கிரம் சிதையும், அதனால் குறைந்த கதிர் அளவில் படம் எடுத்துப் பழகியவரைத் தேடுங்கள்.

அறிகுறி: ஈரத்தில் அருமையான சிகரம், உலர்ந்ததும் போச்சு

இந்தத் தலைப்புக்கு வந்தவர்களுக்கு நல்ல செய்தி: உங்கள் வினை சரியாக நடந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

வடிகட்டித் தாளில் ஈரத்தூளை விட்டுவிட்டு உறிஞ்சு வெற்றிடத்தைப் போட்டுக் கவனியுங்கள். முதலில் மேற்பரப்பு பளபளப்பை இழக்கும். பிறகு விளிம்பு தாளை விட்டு உள்ளே வாங்கும். அப்புறம் நடுவில் ஒரு கீறல், அதிலிருந்து கிளைகள், கோடையில் வற்றிய குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சுருக்கம் துளைக்குள்ளும் நடக்கிறது. வெளியேறுகிற திரவம் துளைச் சுவரைத் தன்னோடு இழுக்கிறது, அடுக்குகள் வழுக்குகின்றன, 2.8-இல் இருந்த சிகரம் படுத்துவிடுகிறது.

முதல் மருந்து திரவத்தை மாற்றுவது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், டயாக்சேனுக்கு 33-ஐ ஒட்டி, டெட்ராஹைட்ரோஃப்யூரானுக்கு 26, ஹெக்சேனுக்கு 18, பெர்ஃப்ளூரோஹெக்சேனுக்கு 12-ஐ ஒட்டி. இழுவிசை குறையக் குறைய சுவர் பிழைக்கும். தூளைக் காயவே விடாமல் டெட்ராஹைட்ரோஃப்யூரானில் கழுவி, அதிலிருந்து ஹெக்சேனுக்கு நாலைந்து முறை மாற்றி ஊறவைத்து, பிறகு மெதுவாக நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள். வெற்றிடமும் சூடும் கடைசியில்தான். நிறையப் பேர் டயாக்சேன் ஈரத்தோடு தூளை நேராக 120 டிகிரி வெற்றிட அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். சட்டகத்தைக் கொல்ல அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

ஹெக்சேனும் போதவில்லை என்றால் மீநிலைக் கார்பன் டைஆக்சைடு. 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே திரவம், வாயு என்ற எல்லையே இல்லாமல் போகிறது, இழுக்க ஆளில்லை. தூளைத் தண்ணீர் இல்லாத எத்தனாலுக்கு மாற்றி ஊறவைத்து எடுத்துப் போங்கள். கருவியை நீங்களே ஓட்டாதீர்கள். உயர் அழுத்தக் கலம் அது, அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் மாதிரியைக் கொடுங்கள். வெளியே எடுத்த பிறகும் நேராக எக்ஸ்ஆர்டிக்கும் பரப்பளவுக் கருவிக்கும் போகட்டும். நடுவில் ஏதாவது கரைப்பான் ஆவி பட்டு மறுபடி காய்ந்தால் செய்ததெல்லாம் வீண்.

கடைசி வழி சட்டகத்தையே பலப்படுத்துவது. டெரிஃப்தால்டிஹைடுக்குப் பதில் 2,5-டைமெத்தாக்சி வகையைப் போட்டால் அடுக்குகள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 2015-இல் வெளியான அந்தச் சட்டகம் கிராமுக்கு 2105 சதுர மீட்டர் பரப்பளவு காட்டியது, உலர்த்தலையும் நன்றாகத் தாங்குகிறது. உங்கள் ஆய்வுக்கு மெத்தாக்சி தொந்தரவில்லை என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள்.

அறிகுறி: எக்ஸ்ஆர்டி நன்றாக இருக்கிறது, பரப்பளவு பாதிதான்

எடையிலிருந்து தொடங்குங்கள். வாயு நீக்கிய பிறகான எடையைத்தான் கருவியில் கொடுத்தீர்களா? முன்னால் எடுத்த எடையைக் கொடுத்தால் கரைப்பானையும் சட்டகமாகக் கணக்கிட்டிருப்பீர்கள். 20 மில்லிகிராமுக்கும் குறைவான மாதிரியில் ஒரு மில்லிகிராம் பிசகே ஐந்து சதவீதத்துக்கு மேல் காட்டும்.

அடுத்து துளைக்குள் எதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மெசிட்டிலீன் 165 டிகிரியிலும் ஆர்த்தோ-டைகுளோரோபென்சீன் 180 டிகிரியிலும் கொதிப்பவை. வெறுமனே சூடாக்கி அவற்றைத் துளையிலிருந்து விரட்டுவது கடினம். டிஜிஏவில் (சூடாக்கச் சூடாக்க எடை மாறுவதை அளக்கும் கருவி) 200 டிகிரிக்குள் எடை இறங்கினால் ஊறவைத்துக் கரைப்பான் மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். 200 முதல் 350 வரை மெல்லச் சரிந்தால் குட்டித் துண்டுகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கழுவும் கருவி) டெட்ராஹைட்ரோஃப்யூரானை ஓடவிட்டு, வடியும் திரவம் நிறமற்றுப் போகும்வரை கழுவுங்கள். 24 மணி நேரம் என்று செய்முறை சொன்னாலும் நிறத்தை நம்புங்கள், கடிகாரத்தை அல்ல. கழுவியதும் முந்தைய தலைப்பில் சொன்ன உலர்த்தல்தான், சாக்ஸ்லெட்டிலிருந்து நேராக அடுப்புக்குப் போகாதீர்கள். உலோக ட்ரைஃப்ளேட் வினையூக்கி போட்டிருந்தால் மெத்தனாலில் கூடுதலாகக் கழுவ வேண்டும்.

வாயு உறிஞ்சலிலிருந்து பரப்பளவைக் கண்டுபிடிக்கும் பிஇடி கணக்கை எந்தச் சார் அழுத்த எல்லைக்குள் போடுகிறீர்கள் என்றும் பாருங்கள். 0.05 முதல் 0.3 வரை என்ற பழக்கம் சிறு துளைகளுக்குப் பொருந்தாது. பிஇடி மாறிலி நேர்மறையாகவும், உறிஞ்சிய அளவை (1 − சார் அழுத்தம்) என்பதால் பெருக்கிய மதிப்பு ஏறிக்கொண்டும் இருக்கிற பகுதியை மட்டும் எடுங்கள்.

ஒப்பிடுவதற்கு: 2005-இல் முதன்முதலில் வெளியான சிஓஎஃப்-5-க்குக் கிராமுக்கு 1590 சதுர மீட்டர், சிஓஎஃப்-1-க்கு 711.

அறிகுறி: எஃப்டிஐஆரில் 1700-ஐ ஒட்டி ஆல்டிஹைடு நிற்கிறது

எஃப்டிஐஆர் என்பது அகச்சிவப்பு நிறமாலை, இங்கே வரும் எண்கள் அலையெண்கள். இது கழுவாத மோனோமராக இருக்கலாம், முதலில் அதை விலக்குங்கள். இன்னொரு முறை கழுவியதும் மறைந்தால் கவலையில்லை. நின்றால் அது சட்டகத்தில் தொங்குகிற முனை. இப்போது 3300 முதல் 3450 வரையிலான அமீன் பட்டைகளையும் பாருங்கள். ஆல்டிஹைடு மட்டும் நின்றால் அமீன் குறைந்திருக்கிறது, எடைக்குத் திரும்புங்கள். இரண்டும் நின்றால் வினை முடியவில்லை, அமிலத்தையும் நேரத்தையும் பாருங்கள். படிகம் சின்னதாக இருந்தாலும் ஓர முனைகள் நிறைய இருக்கும், ஆகவே எக்ஸ்ஆர்டி அகலத்தோடு சேர்த்தே இதைப் படியுங்கள்.

தூள் ஈரமாக இருந்தால் தண்ணீரின் 1640 பட்டை இமினின் 1620 மேல் ஏறி உட்காரும். அப்போது இமின் அதிகமாகத் தெரியும், நிம்மதியும் பொய்யாக வரும்.

அறிகுறி: நிறம் சரியில்லை

மஞ்சள் வர வேண்டியது ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் மிச்ச அமிலம்தான். ஒரு சிட்டிகையில் ஒரு சொட்டு ட்ரைஎத்திலமீன் விடுங்கள், மஞ்சளுக்குத் திரும்பினால் கழுவல் போதவில்லை, அவ்வளவுதான். திரும்பாமல் பழுப்பாகவே இருந்தால் அமீன் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. பழைய மோனோமர், குழாய்க்குள் தங்கிய காற்று, பழைய டயாக்சேன் ஆகிய மூன்றில் ஒன்று. டயாக்சேனில் பெராக்சைடு சேரும், பரிசோதனைப் பட்டையால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பட்டை நிறம் மாறினால் அந்தப் பாட்டிலைக் காய்ச்சி வடிக்க முயலாதீர்கள், வெடிக்கும். பாட்டிலைச் சுற்றிப் படிகங்கள் தெரிந்தால் மூடியைத் திருகவும் வேண்டாம், பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒரு குழாய் நன்று, பக்கத்துக் குழாய் மோசம்

ஒரே நாளில், ஒரே கரைசலில் போட்ட இரண்டு குழாய்கள் வேறுபட்டால் அடைப்பைப் பாருங்கள். திருகு மூடிக் குப்பி என்றால் சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் எடை எடுங்கள். டயாக்சேன் 101 டிகிரியில் கொதிப்பது, 120-இல் மூடி கொஞ்சம் கசிந்தாலும் கலவை விகிதமே மாறிவிடும். அடுப்பின் ஓரமும் நடுவும் ஒரே வெப்பமா என்றும் பாருங்கள்.

உருக்கி அடைத்த குழாயில் பிசகு பெரும்பாலும் உறைவித்து, வெற்றிடமிட்டு, உருகவிடும் சுற்றில். மூன்று சுற்று வேண்டும். திரவ நைட்ரஜனில் இருக்கும் குழாயில் வெளிர் நீலத் திரவம் தெரிந்தால் காற்று கசிந்து ஆக்சிஜன் திரவமாகியிருக்கிறது. அந்தக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள், நைட்ரஜன் தொட்டியை விலக்காதீர்கள், வாயு வெளியேற வழி திறந்திருக்கட்டும். ஹூட் கதவை இறக்கிவிட்டு எல்லாரையும் வெளியேற்றிப் பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். வெற்றிடத் தொடர் திரும்பத் திரும்பக் கசிந்தாலோ, அடைத்த முனையில் முடிச்சோ மெல்லிய இடமோ தெரிந்தாலோ கண்ணாடிக் கலைஞரிடம் கொடுங்கள். நானும் பல வருடம் அடைத்துப் பழகியவன்தான், ஆனால் புது அளவுக் குழாய் வந்தால் இன்றும் அவரிடம்தான் போகிறேன். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரவம் வேண்டாம். அடுப்பிலிருந்து எடுத்ததும் திறக்காமல், தடுப்புக்குப் பின்னால் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

அறிகுறி: போன வாரம் இருந்த சிகரம் இந்த வாரம் இல்லை

போரோனேட் எஸ்டர், போராக்சின் வகைகளில் இது சகஜம். காற்றின் ஈரமே அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். எஃப்டிஐஆரில் 3200 முதல் 3400 வரை ஹைட்ராக்சில் பட்டை திரும்பி வந்திருக்கும். கழுவுவதற்கு ஈரமற்ற அசிட்டோன் மட்டும் பயன்படுத்துங்கள், வாயு நீக்கியதும் கிளவ் பாக்ஸுக்கோ ஆர்கான் நிரப்பிய குப்பிக்கோ மாற்றுங்கள், ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனித்தனிச் சிறு குப்பியாகப் பிரித்து வையுங்கள். ஒரே பாட்டிலைத் திரும்பத் திரும்பத் திறந்தால் கடைசி அளவீட்டுக்கு வரும்போது கையில் இருப்பது பாதி போரோனிக் அமிலமாகத்தான் இருக்கும்.